ட்ரீமாவுக்குப் பிறந்தநாள் வரக்கூடாது

ட்ரீமா கேண்ட்லி, துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, உள்ளே வரிசையாகப் படுத்திருந்த கைத்துப்பாக்கிகளில் ஒன்றைச் சுட்டிக்காட்டினாள்.

"அந்தக் குட்டையா இருக்கிறதை எடுங்க, மிஸ்டர் லூதர்."

லூதர் ஸ்ப்ராட்லிங் எடுக்கவில்லை. தூண்டில் புழு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பிக்கெட் கிரீக் என்ற அந்த மலையூரில் துப்பாக்கி, மீன்பிடிச் சாமான், காலையில் சூடாக இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோல் எல்லாமே அவர் கடையில்தான்.

"உனக்கு என்ன வயசு கண்ணு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க. என் ஞானஸ்நான விருந்துல ரெண்டு தட்டுக் கோழி சாப்பிட்டவர்தானே நீங்க?"

"பத்தொம்பது. கடையில கைத்துப்பாக்கி வாங்க இருபத்தொண்ணு ஆகணும். உனக்கு வித்தா என் லைசென்ஸ் போயிடும். வேணும்னா அந்த ரைஃபிளை எடுத்துக்க. அதுக்குப் பதினெட்டு போதும்."

சுவரில் சாய்ந்திருந்த ரைஃபிள் கிட்டத்தட்ட அவள் உயரம் இருந்தது.

"அதை லாரியில எங்க வைக்கிறது? பக்கத்துல உக்கார வெச்சு சீட் பெல்ட் போட்டு விடட்டுமா?"

ட்ரீமா தன் மாமா டிங்கின் இழுவை லாரியை ஓட்டுகிறவள். பள்ளத்தில் இறங்கிய கார், ஓடையில் கவிழ்ந்த டிரக், மலைத் திருப்பத்தில் மூச்சு நின்ற வண்டி எதுவானாலும் அவளுக்குத்தான் அழைப்பு வரும். பாதி இடங்களில் போன் எடுக்காது. போன மாதம் அப்படி ஒரு இடத்தில் ஒருத்தனுடைய காரைத் தூக்கிவிட்டு அவனையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். வழி நெடுக அவன் ஒன்றும் பேசாமல் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டபோதும் உடனே இறங்கவில்லை. பிறகு இறங்கிப் போய்விட்டான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அன்று வீடு வரும்வரை இரண்டு கதவையும் பூட்டிக்கொண்டே ஓட்டினாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

"ஓட்டுப் போடலாம், பட்டாளத்துல சேரலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். பள்ளத்துல தொங்கற ஸ்கூல் பஸ்ஸை நான் ஒருத்தியா மேல இழுக்கலாம். உள்ளங்கை அளவு சாமானை மட்டும் வாங்கக் கூடாதா?"

"பீரும் வாங்க முடியாது," என்று நினைவூட்டினார் லூதர். "இதுல இன்னொரு கூத்து இருக்கு கேளு. டிங்க் தன்னோடதை உனக்குச் சும்மா குடுத்தா தப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வித்தாக்கூடப் பரவாயில்லை. லைசென்ஸ் வாங்கி, ஒழுங்கா வரி கட்டி, கடை போட்டு உக்காந்திருக்கேன் பாரு, நான் வித்தாத்தான் குத்தம்."

"மாமாவோடது பீரங்கி மாதிரி இருக்கு. துரு வேற ஏறியிருக்கு. எனக்கு யாரோட தானமும் வேண்டாம், என் சம்பளத்துல நானே வாங்கணும்."

லூதர் புழு டப்பாவைக் கீழே வைத்தார். கண்கள் மின்னின.

"இதையே நீதிபதி முன்னாடி சொல்லுவியா? தலைநகர் சார்ல்ஸ்டன்ல ஒரு வக்கீல் உன்னை மாதிரி ஒருத்தியைத்தான் தேடிக்கிட்டிருக்கார்."

அடுத்த வாரமே அந்த வக்கீல் வந்து இறங்கினார். பெயர் ஆம்ப்ரோஸ் ப்ரூவிட். கழுத்தில் பட்டாம்பூச்சி முடிச்சுப் போட்ட புள்ளி டை, காலில் அன்றுதான் வாங்கிய பூட்ஸ். இந்த வயது வரம்பு பதினெட்டு நிரம்பியவர்களின் உரிமையைப் பறிக்கிறது என்று வழக்குப் போடுவதற்காகவே மாநிலம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு மாசு மருவில்லாத இளம் ஆள்.

"போலீஸ் கேஸ் ஏதாவது உண்டா, மிஸ் கேண்ட்லி?"

"இல்லீங்க."

"பள்ளிக்கூடத்துல ஏதாவது தகராறு?"

"ஒரு தடவை பிரின்சிபாலோட ஆட்டைக் கூரை மேல ஏத்திட்டோம்."

ப்ரூவிட்டின் பேனா நின்றது. "யாருக்காவது அடிபட்டதா?"

"இல்லீங்க. ஆட்டுக்குத்தான் அந்த இடம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இறங்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

வழக்குப் போட வேண்டுமென்றால் அவள் முறைப்படி கேட்டு, கடைக்காரர் முறைப்படி மறுக்க வேண்டுமாம், அதுவும் சாட்சி முன்னிலையில். லூதர் அதற்காகத் தலைக்குக் குளித்து, ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். ட்ரீமா, "அந்தக் குட்டைத் துப்பாக்கி ஒண்ணு குடுங்க" என்று கேட்டதும் வலது கையை உயர்த்தி, "அம்மணி! இந்நாட்டின் சட்டம் என் கைகளைக் கட்டிப் போட்டிருக்கிறது!" என்று முழங்கினார். அவள் குபுக்கென்று சிரித்துவிட்டாள். இரண்டாம் முறை அவர் கையை உயர்த்திய நேரம் பார்த்து ஒருவர் புழு வாங்க வந்தார். மூன்றாம் முறை ப்ரூவிட்டே, "மிஸ்டர் ஸ்ப்ராட்லிங், 'முடியாது'ன்னு மட்டும் சொன்னாப் போதும்" என்று கெஞ்சினார். லூதர் மனசில்லாமல் அதோடு நிறுத்திக்கொண்டார்.

உள்ளூர்ப் பத்திரிகையில் ட்ரீமாவின் படம் வந்தது, லாரிமேல் சாய்ந்து கைகட்டிக்கொண்டு. அதைப் படித்தவர்களில் அவள் அம்மா ரொவீனாவும் ஒருத்தி. மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். வேலை உடையைக்கூட மாற்றாமல் சமையலறையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு மகளுக்காகக் காத்திருந்தாள்.

"அடியே, உன் போட்டோவை நான் ஆஸ்பத்திரி கேண்டீன்ல பாக்கணுமா?"

"நல்லா வந்திருக்குல்ல?"

"விளையாடாதே. போன வசந்தத்துல ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. உன் வயசு. காதலி போன்ல விட்டுட்டுப் போயிட்டாளாம். ஒரு ராத்திரி தள்ளிப் போட்டிருந்தா அடுத்த வாரம் வேற பொண்ணு பின்னாடி சுத்தியிருப்பான். கைக்கெட்டற தூரத்துல துப்பாக்கி இருந்துச்சு. அவங்க அம்மாகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன்."

ட்ரீமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் அந்தப் பையன் இல்லைம்மா."

"அவங்க அம்மாவும் அப்படித்தான் நெனச்சிருப்பா."

பிறகு ட்ரீமா லாரியில் வந்து சிரித்தவனைப் பற்றிச் சொன்னாள். ரொவீனாவின் முகம் வெளுத்தது.

"ஏண்டி எங்கிட்ட அப்பவே சொல்லலை?"

"சொன்னா லாரியை ஓட்ட விட மாட்டே."

அது உண்மைதான் என்பதால் ரொவீனா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ட்ரீமா அந்த இடத்தில் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் பதினெட்டுல கல்யாணம் பண்ணிக்கிட்டே. அப்ப உன்னை யாராவது வயசு கேட்டாங்களா?"

"கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். உங்கப்பனோட குடும்பம் நடத்தின வருஷமெல்லாம் எனக்கு மிச்சமாயிருக்கும்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை முடியவில்லை, ஆனால் பீன்ஸும் சோள ரொட்டியும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. பத்திரிகைச் செய்தியைப் படித்த ஊர், 'ஐயோ பாவம், ரொவீனா பொண்ணுக்கு ஒரு துப்பாக்கிகூட இல்லையாமே' என்று உருகிப்போனது. டிங்க் மாமா துரு போகத் தேய்த்த பீரங்கியோடு வந்தார். பள்ளித் தோழன் ஒருவன் தன்னுடையதையும் அதோடு தன்னையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னான். தேவாலயத்து மதிய விருந்தில் மிஸஸ் ஹேகர் என்ற விதவை அவள் கையில் ஒரு மூடிய பாத்திரத்தைத் திணித்து, "வீட்டுல போய்த் திற. மேல மக்ரோனி. அடியில பார்த்து எடு, கண்ணு" என்று காதோடு சொன்னாள். அடியில் ஒரு பொட்டலத்தில் முத்துப்பிடி போட்ட குட்டித் துப்பாக்கி இருந்தது.

ட்ரீமா ப்ரூவிட்டுக்குப் போன் செய்தாள்.

"தொடாதீங்க!" என்று அலறினார் அவர். "இப்ப எங்க இருக்கு?"

"மக்ரோனிக்குள்ள."

"திருப்பிக் குடுத்துடுங்க. யார் குடுத்தாலும் வாங்காதீங்க. உங்களுக்கு ஒரு துப்பாக்கி கிடைச்சுட்டா, 'இந்தப் பொண்ணுக்கு என்ன குறை?'ன்னு எதிர்த்தரப்பு கேக்கும். குறை இருந்தாத்தான் வழக்கு நிக்கும்."

"மக்ரோனியையாவது சாப்பிடலாமா?"

ப்ரூவிட் உண்மையிலேயே கொஞ்சம் யோசித்தார். "சாப்பிடலாம்."

ஆகமொத்தம், அந்த மாவட்டத்திலேயே கைத்துப்பாக்கியைத் தொடக்கூடாத ஒரே பெண் இப்போது ட்ரீமாதான். அந்தத் தடையைப் போட்டது அவளுடைய சொந்த வக்கீல். பார்க்கிறவர்களிடமெல்லாம் 'வேண்டாம், ரொம்ப நன்றி' என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. வீட்டில் ரொவீனா மட்டும் மிகுந்த திருப்தியோடு, "நல்ல வக்கீல் பிடிச்சிருக்கே. எனக்குக்கூட அவர் அளவுக்கு உன்னைத் தடுக்கத் தெரியலை" என்றாள்.

வழக்கு நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வது மரியாதைக்குத்தான். அரசுத் தரப்பு பதில் சொல்ல அவகாசம் கேட்டது. பிறகு அந்தப் பதிலுக்குப் பதில் சொல்ல ப்ரூவிட் அவகாசம் கேட்டார். நீதிபதிக்குப் பித்தப்பையில் கல். ட்ரீமாவுக்கு இருபது ஆனது, அதற்குமேல் மாதங்களும் ஓடின. ஒரே ஒரு தடவை அவளை நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் நாடின் ஆஷ்கிராஃப்ட் இளம்பெண், முப்பதைத் தொடாதவள். பெயர், வேலை எல்லாம் கேட்டுவிட்டுப் பிறந்த தேதியை மட்டும் இரண்டு முறை கேட்டாள். ட்ரீமா அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பனி உருகிச் சேறாகக் கிடந்த ஒரு காலை, ஓடைக்கரைச் சாலையில் ஒரு வாடகைக் கார் பள்ளத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பதாக அழைப்பு வந்தது. ட்ரீமா போய்ப் பார்த்தால், முழங்கால்வரை சேற்றோடு, ஒரு கையில் செருப்பும் மறுகையில் கைப்பையுமாக நாடின் நின்றுகொண்டிருந்தாள். லூதரிடம் வாக்குமூலம் வாங்க வந்தவள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற லாரி இருக்கா?" என்று கேட்டாள் நாடின்.

"இருக்கு. நாளைக்கு வரும். ஏறுங்க."

நாடின் ஏறினாள். கார் பின்னால் தொங்கிக்கொண்டு வர, லாரி மலையேறியது. "உங்க வக்கீல் இல்லாம வழக்கைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது," என்றாள் நாடின் முன்ஜாக்கிரதையாக.

"பேச வேண்டாம். ரோல் சாப்பிடறீங்களா?"

பசி தாங்காமல் நாடின் பெப்பரோனி ரோலை இரண்டே வாயில் முடித்தாள். வயிறு நிறைந்ததும் மனசு இளகியது போலிருந்தது. சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பால் பாட்டில்ல ஒரு தேதி போட்டிருப்பாங்களே, பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"நான் பாலைப் பத்தித்தான் பேசறேன். வேற எதைப் பத்தியும் இல்லை. பால் எவ்வளவு நல்ல பாலா இருந்தாலும், அந்தத் தேதிக்கப்புறம் யாரும் அதை வெச்சு விவாதம் பண்ண மாட்டாங்க. கொட்டிட்டுப் போயிடுவாங்க. பால்காரர் புத்திசாலியா இருந்தா புதுப் பாட்டிலையும் பக்கத்துல வெச்சிருப்பார்."

ட்ரீமா பிரேக்கை மிதித்தாள். "என் பிறந்தநாள் மே மாசம்!"

"எனக்குப் பாலைப் பத்தி மட்டும்தான் தெரியும்," என்றாள் நாடின், உதட்டைக் கடித்துக்கொண்டு.

அன்று மாலையே ட்ரீமா ப்ரூவிட்டைப் பிடித்து உலுக்கினாள். இருபத்தொன்று ஆன மறுநிமிடம் அவள் எந்தக் கடையிலும் வாங்கலாம். வாங்க முடிந்தவளுக்கு என்ன குறை? வழக்கு பிணமாகிவிடும். ப்ரூவிட் பெருமூச்சு விட்டார். அவருக்கு அது முன்பே தெரியும். அதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்று நம்பியிருந்தார். "உங்களுக்குப் பிறந்தநாள் வராம இருந்தா ரொம்ப நல்லாயிருக்கும், மிஸ் கேண்ட்லி," என்றார், ஏதோ அவள் வேண்டுமென்றே செய்வதைப் போல.

புதுப் பாட்டில், அதாவது வழக்கில் சேர இன்னொரு இளம் ஆள், தேடும் படலம் தொடங்கியது. ப்ரூவிட் கண்டுபிடித்த ஒரு பெண் நிச்சயதார்த்தம் முடிந்து பக்கத்து மாநிலமான ஒஹையோவுக்குப் போய்விட்டாள். அடுத்தவன் கையெழுத்துப் போட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியை அப்பாவின் ரைஃபிளால் சுட்டு ஓட்டை போட்டான். ப்ரூவிட் டையைத் தளர்த்திக்கொண்டு லூதரின் கடையில் வந்து உட்கார்ந்தார். ட்ரீமாவும் அங்கேதான் இருந்தாள்.

"பதினெட்டு வயசு, சுத்தமான பேர், கொஞ்சம் தைரியம். இந்த மாவட்டத்துல ஒருத்தர்கூடவா இல்லை?"

"இளைஞர்களுக்கு உரிமைன்னா என்னன்னே தெரியலை," என்று லூதர் மேசையைத் தட்டினார். "பதினெட்டு வயசு ஆனவன் பெரியவன். முழு மனுஷன். அவனுக்கு எது நல்லதுன்னு அரசாங்கம் எப்படிச் சொல்லலாம்?"

அப்போது கல்லாவில் ஒரு வாடிக்கையாளருக்குக் கைத்துப்பாக்கி விற்றுச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள் லூதரின் மகள் டெஸ்ஸி. பள்ளி முடித்ததிலிருந்து அங்கேதான் வேலை. ட்ரீமா அவளைப் பார்த்தாள். பிறகு லூதரைப் பார்த்தாள். தேன் தடவின குரலில் கேட்டாள்.

"மிஸ்டர் லூதர், நம்ம டெஸ்ஸிக்குப் பதினெட்டு ஆயிடுச்சுல்ல?"

லூதரின் கை மேசைமேல் அப்படியே நின்றது.

"டெஸ்ஸியா? அவ சின்னப் பொண்ணு!"

ப்ரூவிட் இருமினார். கடையில் இருந்த எல்லோரும் சாமான்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தார்கள்.

"நீங்க இப்பத்தானே சொன்னீங்க, முழு மனுஷன்னு?"

"அது பொதுவாச் சொன்னது! இவளுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது. முடி வெட்டற படிப்புக்கு அனுப்ப மாட்டேன்னு சொன்னதுக்கு என் வண்டிக் கண்ணாடியை உடைச்சவ இவ!"

"அப்பா, அது பக்கவாட்டுக் கண்ணாடி," என்றாள் டெஸ்ஸி கல்லாவை மூடிக்கொண்டே. "மிஸ்டர் ப்ரூவிட், நான் கையெழுத்துப் போட எங்க அப்பா சம்மதம் வேணுமா?"

ப்ரூவிட் லூதரைப் பரிதாபமாகப் பார்த்தார். இத்தனை நாள் ஓசியில் ரோல் போட்டவர். ஆனாலும் வக்கீல் வக்கீல்தான். "தேவையில்லை, மிஸ் ஸ்ப்ராட்லிங். சட்டப்படி நீங்க பெரியவங்க."

டெஸ்ஸி கல்லாவிலிருந்து வெளியே வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கும் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் எதிரே நின்றாள். "ஐயா, எனக்கு ஒரு கைத்துப்பாக்கி வேணும்."

"முடியாது!" லூதரின் தாடி துடித்தது. "இன்னைக்கும் முடியாது, இருபத்தொண்ணு ஆனாலும் முடியாது, முப்பது ஆனாலும் முடியாது! நான் உயிரோட இருக்கிறவரைக்கும் முடியாது!"

"பிரமாதம்," என்று எழுதிக்கொண்டார் ப்ரூவிட். "இருபத்தொண்ணையும் முப்பதையும் மட்டும் எடுத்துடுவோம்."

ட்ரீமா வீட்டுக்குப் போய் இதை நடித்துக் காட்டியபோது ரொவீனா பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. மறுநாள் ஆப்பிள் கேக் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு லூதர் கடைக்கே போனாள்.

"எங்க கட்சிக்கு வந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், லூதர்."

"நான் ஒண்ணும் மாறலை, ரொவீனா. கொள்கை கொள்கைதான். இது என் பொண்ணு விஷயம்."

"அதானே. கொள்கையெல்லாம் என் பொண்ணுக்கு மட்டும்தான் போல."

லூதர் கேக்கை வாங்கிக்கொண்டார். அதை வெட்டினார், இரண்டு தட்டில் வைத்தார். ஒன்றை அவள் பக்கம் தள்ளினார்.

மே மாதம் வந்தது. ட்ரீமாவின் பிறந்தநாளன்று ப்ரூவிட் போன் செய்து துக்கம் விசாரிக்கும் குரலில் வாழ்த்துச் சொன்னார். கொஞ்ச நாளில் நீதிமன்றமும் சொல்லிவிட்டது, மிஸ் கேண்ட்லியின் குறை தானாகவே தீர்ந்துவிட்டதால் அவரைப் பொறுத்தவரை விசாரிக்க எதுவுமில்லை என்று. வழக்கு டெஸ்ஸியின் பெயரில் தொடர்ந்தது. அப்பாவும் மகளும் கடைக்குள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் காலையில் அவளுக்குப் பான்கேக் சுட்டு வைக்க லூதர் ஒருநாளும் தவறவில்லை. ட்ரீமா கடைப்பக்கம் போனால் மட்டும், "புழு வேணும்னா வாங்கிட்டுப் போ. வேற ஒண்ணும் உனக்கு விக்கறதா இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் தனக்கு இஷ்டமில்லாதவர்களுக்கு விற்காமல் இருப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அதனால் அவள் பக்கத்து ஊரில் வாங்கினாள், தன் சம்பளத்தில். ரொவீனாவும் கூடப் போனாள். பாதுகாப்பைப் பற்றி அவள் கேட்ட கேள்விகளில் விற்பனையாளர் களைத்துப் போய் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் ரொவீனா பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கி மகளிடம் கொடுத்தாள். "இதுக்குள்ள இருக்கணும். இது மட்டும்தான் நான் கேக்கறது." ட்ரீமா மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் பையனின் அம்மாவை அவளும் மறக்கவில்லை.

ஜூனில் ஒரு வெயில் மதியம், கரடுமுரடான மலைப்பாதையில் டயர் வெடித்து நின்ற காருக்கு அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், காரின் சொந்தக்காரரான தடித்த மனிதர் கூரைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். வெடித்த டயர்மேல் விஷப்பாம்பு ஒன்று சுகமாகச் சுருண்டு கிடந்தது.

"உங்கிட்ட துப்பாக்கி இருக்காம்மா?" என்று மேலேயிருந்து கத்தினார்.

"இருக்குங்க!"

ட்ரீமா லாரிக்குள் பாய்ந்து பெட்டியை எடுத்தாள். பெட்டி பூட்டியிருந்தது. பைகளைத் துழாவினாள். சாவி நேற்றுப் போட்டிருந்த கால்சட்டையில் இருந்தது, கால்சட்டை வீட்டில் துவைக்கிற கூடையில் இருந்தது. பெட்டியை ஒரு முறை உலுக்கிப் பார்த்தாள். பிறகு அதை இருக்கையில் வைத்துவிட்டு, வண்டி இழுக்கும் நீளமான கொக்கியை எடுத்துக்கொண்டு போய், பாம்பை அலக்காகத் தூக்கி ஓடைப்பக்கம் வீசினாள். கூரைமேல் இருந்தவர் கைதட்டினார்.

அன்று மாலை ரொவீனா, "இன்னைக்கு வேலை எப்படி?" என்று கேட்டபோது, "ஒண்ணும் விசேஷமில்லை" என்றாள். சாப்பிட்டு முடித்ததும் கொல்லைப்பக்கம் போய் டெஸ்ஸிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். டெஸ்ஸி மூச்சு முட்டச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அவள் குரல் மாறியது.

"ட்ரீமா, அந்தப் பெட்டி எங்க விக்குதுடீ? பூட்டி வெச்சுக்கறேன்னு அப்பாகிட்ட சொல்லிப் பாக்கறேன்."

"சாவி தன்கிட்டதான் இருக்கணும்பார்."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் டெஸ்ஸி. "பேச ஆரம்பிக்க அவருக்கும் ஒரு சாக்கு வேணும்ல."